கடினமான புதிய பாஞ்சோ ட்யூனைக் கற்பது: வலது கையை முதலில் தீர்மானியுங்கள்

நீங்கள் கேட்டது இதுதான்: ஐந்து தந்தி பாஞ்சோவில் ஸ்க்ரக்ஸ் பாணியில் (எர்ல் ஸ்க்ரக்ஸ் பிரபலப்படுத்திய மூன்று விரல் வாசிப்பு) சில ஆண்டுகளாக வாசிக்கிறீர்கள். பழைய ப்ளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட இசை) ட்யூன்கள் நல்ல வேகத்தில் கைக்கு வந்துவிட்டன. இப்போது தற்கால பாஞ்சோ கலைஞர் பேலா ஃப்ளெக் வழியில் வந்த, தற்கால பாணி ட்யூன் ஒன்றை எடுத்திருக்கிறீர்கள். டேப் (எந்தத் தந்தியை எங்கே அழுத்துவது என்று எண்களால் காட்டும் குறிப்பு) இருக்கிறது, ஸ்வரங்கள் மனப்பாடம். ஆனால் பதிவில் இருக்கும் வேகத்தில் பாதியைத் தாண்டினாலே எல்லாம் குலைகிறது. இன்னும் மெதுவாகப் பல மாதம் வாசித்தால் சரியாகுமா, அல்லது இது உங்கள் கைக்கு மீறிய ட்யூனா?

இரண்டும் இல்லை என்பது என் கணிப்பு. பாதி வேகம் வரை சுத்தமாக வந்து, அதற்கு மேல் ஒரேயடியாக உடைகிறது என்றால், பெரும்பாலும் வலது கையில் எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் என்பது முடிவாகவில்லை என்று அர்த்தம். தட்டுப் போடும் கருவியான மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டில் ஓடும்போது ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம் வாசித்தால் ஒரு நொடிக்கு நான்கு ஸ்வரம். அந்த வேகத்தில் எந்த விரலை வைத்தும் சமாளித்துவிடலாம். ஒரே விரலால் அடுத்தடுத்து இரண்டு முறை மீட்டினாலும் காதுக்குத் தெரியாது. 120-க்குப் போனால் நொடிக்கு எட்டு. அங்கே ஒரே விரல் இரண்டு முறை தொடர்ந்து வரும் இடமெல்லாம் அடைத்துக்கொள்ளும். மெதுவாக வாசிக்கையில் அந்தக் கோளாறு ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். தவறான விரல் வரிசையை மெதுவாக ஆயிரம் முறை வாசித்தால் அந்த வரிசைதான் இன்னும் ஆழமாகப் பதியும். அதனால் முதலில் மெட்ரோனோமை ஓரமாக வைத்துவிட்டுப் பென்சிலை எடுங்கள்.

பழைய ட்யூன்களில் இந்தச் சிக்கல் ஏன் வரவில்லை? எர்ல் ஸ்க்ரக்ஸ் 1945 கடைசியில் ப்ளூகிராஸ் முன்னோடி பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தபோது உலகம் கேட்ட மூன்று விரல் வாசிப்பு, ரோல் என்கிற விரல் சுழற்சிகளின் மேல் நிற்பது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று மாறி மாறி வேறு வேறு தந்திகளில் விழும். மெலடி ஸ்வரங்கள் அந்த ஓட்டத்துக்குள் பொதிந்து வரும். ரோலைப் பழகிவிட்டால் விரல் வரிசையைத் தனியாக யோசிக்கவே வேண்டாம், பாணியே அதைத் தீர்மானித்துத் தந்துவிடுகிறது. 1960-களின் தொடக்கத்தில் பில் கீத் பரவலாக்கிய மெலடிக் பாணியில் ரோலின் இயக்கம் அப்படியே இருக்கும், ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் மெலடியாகவே இருக்கும். டான் ரெனோ வளர்த்த சிங்கிள் ஸ்ட்ரிங் பாணியோ வேறு மாதிரி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மாறி மாறி, ஒரே தந்தியில் தொடர்ந்து பல ஸ்வரங்களை மீட்டும். பேலா ஃப்ளெக், நோம் பிகெல்னி போன்றவர்களின் வாசிப்பில் இந்த மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து வரும். இரண்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று) மெலடிக், அரை பார் சிங்கிள் ஸ்ட்ரிங், அப்புறம் ஒரு ரோல். உங்கள் ட்யூன் உடைகிற இடங்களைக் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பாணியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் மூட்டுகளில்தான் அது இருக்கும்.

ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். சாதாரண ஜி ட்யூனிங்கில், ஜி-யை ஸட்ஜமாக வைத்து ஸ ரி க ம ப த நி ஸ ஏறுவதாக வைத்துக்கொள்வோம். மெலடிக் பாணியில் இப்படி வரும்: மூன்றாம் தந்தி திறந்து (எங்கும் அழுத்தாமல்), நான்காம் தந்தி 7-ஆம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி), இரண்டாம் தந்தி திறந்து, மூன்றாம் தந்தி 5-ஆம் ஃப்ரெட், முதல் தந்தி திறந்து, இரண்டாம் தந்தி 5-ஆம் ஃப்ரெட், முதல் தந்தி 4-ஆம் ஃப்ரெட், கடைசியில் ஐந்தாம் தந்தி திறந்து. எந்த இரண்டு ஸ்வரமும் அடுத்தடுத்து ஒரே தந்தியில் இல்லை. வலது கைக்கு ஆள்காட்டி, கட்டை, ஆள்காட்டி, கட்டை, நடு, ஆள்காட்டி, நடு, கட்டை. எந்த விரலும் அடுத்தடுத்து வரவில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்தது வந்த பிறகும் கொஞ்சம் ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கசிவுதான் மெலடிக் பாணியின் அழகு.

இதே ஏற்றத்தை சிங்கிள் ஸ்ட்ரிங்கில் வாசித்தால்: நான்காம் தந்தியில் 5, 7, 9, மூன்றாம் தந்தியில் 5, 7, 9, இரண்டாம் தந்தியில் 7, 8. வலது கை கட்டை, ஆள்காட்டி, கட்டை, ஆள்காட்டி என்று கடைசி வரை. பார்க்க எளிமையாக இருக்கிறது. ஆனால் தந்தி மாறும் இடங்களைக் கவனியுங்கள். நான்கிலிருந்து மூன்றுக்குப் போகும்போது கட்டைவிரல் நான்கில் மீட்டி முடிக்கும், ஆள்காட்டி மூன்றில் தொடங்கும். இது கைக்கு இயல்பு. மூன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது ஆள்காட்டி மூன்றில் முடித்திருக்கும், கட்டைவிரல் அதைத் தாண்டி உள்ளே போய் இரண்டாம் தந்தியைத் தொட வேண்டும். விரல்கள் குறுக்கே மோதிக்கொள்ளும் இடம் அது. பாதி வேகத்தில் ஒன்றும் தெரியாது. முழு வேகத்தில் அங்கேதான் தடுக்கும்.

தீர்வு சின்னதுதான். மூன்றாம் தந்தி 9-ஆம் ஃப்ரெட்டைத் தனியாக மீட்டாமல், 7-லிருந்து ஹாமர்-ஆன் செய்யுங்கள், அதாவது வலது கையால் மீட்டாமல் இடது விரலைத் தந்தியில் தட்டி ஒலி எழுப்புங்கள். ஒரு மீட்டு குறைகிறது, வரிசை ஒரு படி நகர்கிறது, இரண்டாம் தந்திக்குப் போகும்போது கட்டை முடித்து ஆள்காட்டி தொடங்கும்படி ஆகிவிடுகிறது. ஸ்வரம் ஒன்றுகூட மாறவில்லை. பெரிய வாத்தியக்காரர்களின் வாசிப்பில் ஏதோ அலங்காரம் போலக் கேட்கிற ஹாமர்-ஆன், புல்-ஆஃப் (இடது விரலை இழுத்தெடுத்து ஒலி எழுப்புவது), ஸ்லைடு (அழுத்திய விரலைச் சறுக்குவது) ஆகியவற்றில் பல இப்படி வலது கையின் வழியைச் சீராக்கவும் பயன்படுகின்றன. டேப்பில் அதை எழுதியவர் விட்டிருந்தால், நீங்கள் எவ்வளவு உழைத்தாலும் அந்த இடம் வராது.

இதனால்தான் டேப்பை வேதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்கிறேன். டேப் என்பது யாரோ ஒருவர் கேட்டு எழுதியது. ஸ்வரம் சரியாக இருந்தாலும், எந்தத் தந்தியில் எந்த இடத்தில் என்பது அவருடைய ஊகமாக இருக்கலாம். இரண்டாம் தந்தியைத் திறந்து மீட்டினாலும், மூன்றாம் தந்தியை 4-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினாலும் ஒரே ஸ்வரம்தான். ஒலி வேறு: திறந்தது பளிச்சென்று மணி போல நீளும், அழுத்தியது கொஞ்சம் கட்டையாக, சீக்கிரம் அடங்கும். பதிவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டால் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கும் வசதி இப்போது யூட்யூபிலேயே இருக்கிறது. வாசிப்பவரின் இடது கை தெரிகிற மேடை வீடியோ கிடைத்தால் இன்னும் நல்லது. அங்கே அவர் கை ஐந்தாம் ஃப்ரெட் பக்கம் இருக்கும்போது உங்கள் டேப் பத்தாம் ஃப்ரெட் என்று சொன்னால், டேப்பை அடித்துத் திருத்துங்கள்.

சரி, நடைமுறையில் எப்படிப் போவது? முதல் சில நாட்கள் வாத்தியத்தைத் தொடாமல் கேளுங்கள், பாடுங்கள். உதட்டை மூடி முணுமுணுத்தால் போதாது. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக வரும்படி ஸ்வரம் சொல்லியோ, தன னன என்றோ மெதுவாகப் பாட வேண்டும். தற்கால பாஞ்சோ ட்யூன்களில் எட்டு எட்டு பாராகப் போகிற பழைய அமைப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. ஒரு பகுதி ஏழு பாரில் முடியும், இன்னொன்றில் அரை பார் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும், நடுவில் சுருதி மாறும். வாயால் பாட முடியாத இடத்தை விரல் பாடாது. எங்கே உங்கள் குரல் தடுமாறுகிறதோ அங்கே உங்கள் மனசுக்கு ட்யூன் இன்னும் தெரியவில்லை. இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிக் குதிக்கிறார்கள். இது ஒன்றைச் செய்தாலே பின்னால் வரும் வேலை பெரிய அளவில் குறைந்துவிடும்.

அடுத்தது கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள். மெலடிக்கு அடியில் எந்த கார்டு ஓடுகிறது என்பதை ஒவ்வொரு பாருக்கும் எழுதிக்கொள்ளுங்கள். கிட்டார் வாசிக்கும் நண்பர் இருந்தால் அவரை வாசிக்கச் சொல்லி, மேலே நீங்கள் பாடுங்கள். கார்டு தெரிந்தால், நடுவில் விரல் தவறினாலும் அந்த கார்டின் ஒரு ரோலைப் போட்டு அடுத்த பாரில் ஏறிக்கொள்ளலாம். தெரியாதவர்கள் முழுவதுமாக நின்றுவிட வேண்டிவரும்.

பிறகுதான் பென்சில். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கீழே வலது கை விரலை எழுதுங்கள். எழுதி முடித்ததும் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். ஒரே விரல் அடுத்தடுத்து வருகிற இடம். மேலே சொன்னதுபோல விரல்கள் குறுக்கே மோதுகிற இடம். பாணி மாறுகிற இடம். ஒரே விரல் இரண்டு முறை வந்தாலும் இடையில் ஒரு ஹாமர்-ஆனோ நீண்ட ஸ்வரமோ இருந்தால் பரவாயில்லை. மற்றவற்றுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும்: ஹாமர்-ஆனோ புல்-ஆஃபோ சேர்ப்பது, ஸ்வரத்தை வேறு தந்திக்கு மாற்றுவது, ஒரு ஸ்வரம் முன்னதாகவே வேறு விரலில் தொடங்குவது. சில இடங்களுக்கு நான்கைந்து வழிகள் இருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை: எது நல்ல வழி என்பதை மெதுவாக வாசித்துத் தீர்மானிக்காதீர்கள். அந்த ஐந்தாறு ஸ்வரத்தை மட்டும் எடுத்து, சுத்தமாக வராவிட்டாலும் பரவாயில்லை என்று, முழு வேகத்தில் முயன்று பாருங்கள். முழு வேகத்தில் எந்த வழி குறைவாகத் தடுக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு செய்தபின் மாற்றவே மாற்றாதீர்கள். ஒரு நாள் ஒரு வழி, மறுநாள் வேறு வழி என்று போனால் கை எதையும் நம்பாது.

ஐந்தாம் தந்தியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிய ட்யூன்களில் நிறைய பேர் சறுக்குவது அங்கே. ஸ்க்ரக்ஸ் பாணியில் பழகிய கட்டைவிரல் தானாகவே அந்தக் குட்டைத் தந்திக்கு ஓடும். ஜி சுருதியில் அது எப்போதும் சேர்ந்தே ஒலிக்கும். ட்யூன் நடுவில் ஈ மேஜருக்குப் போனால், அந்த கார்டுக்கு ஜி ஷார்ப் வேண்டும், ஐந்தாம் தந்தி தருவதோ ஜி. ஒரு தட்டு விழுந்தாலே காது கூசும். அந்தப் பகுதி முழுவதிலும் கட்டைவிரல் எங்கே இறங்க வேண்டும் என்பதைப் பிரக்ஞையோடு பழக வேண்டும். சில ட்யூன்களில் ஐந்தாம் தந்தியையும் இடது கையால் அழுத்தச் சொல்லும். அதன் திறந்த ஒலி ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்துதான் தொடங்குகிறது என்பதால் 7-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தினால் ஜி-க்கு மேல் இரண்டு அரை ஸ்வரம், அதாவது ஏ. முதல் தந்தியின் 7-ஆம் ஃப்ரெட்டும் அதே ஏ. இந்த இரட்டைப் புழக்கம் சில கடினமான ஓட்டங்களைச் சட்டென்று எளிதாக்கிவிடும்.

பாணிகள் சேரும் மூட்டில் விரல் வரிசை சரியாக இருந்தாலும் ஒலி உடையலாம். திறந்த தந்திகள் நிறைந்த மெலடிக் ஓட்டம் மிதந்து போய்க்கொண்டிருக்கும்போது, அழுத்திய ஸ்வரங்கள் மட்டுமே உள்ள சிங்கிள் ஸ்ட்ரிங் வந்தால் ஓசை திடீரென்று சுருங்கும். இதைச் சமன் செய்ய இரண்டு வழி. சிங்கிள் ஸ்ட்ரிங்கில் இடது கை விரலை அடுத்த ஸ்வரம் தொடங்கும் நொடி வரை தூக்காமல் வைத்திருங்கள். சீக்கிரம் தூக்குவதுதான் அந்த டொக்டொக் ஒலிக்குக் காரணம். மெலடிக் பகுதியில் நீளமாகக் கசிகிற திறந்த தந்தியை, தேவையான இடத்தில் சும்மா இருக்கும் இடது விரலால் லேசாகத் தொட்டு அடக்குங்கள். வலது கை பிரிட்ஜை (தந்திகளைத் தாங்கும் சின்னக் கட்டை) ஒட்டி இருந்தால் ஒலி கூர்மையாகவும், கழுத்துப் பக்கம் நகர்ந்தால் உருண்டையாகவும் வரும். மூட்டைக் கடக்கும்போது கை அறியாமல் நகர்கிறதா என்று உங்களையே பதிவு செய்து பாருங்கள்.

தாளம் பற்றி. பழைய ரோலிலேயே எட்டு ஸ்வரத்தை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிக்கும் பழக்கம் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியும். புதிய ட்யூன்களில் அந்த மூன்று மூன்றான சுழற்சி பார் எல்லையைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும், அழுத்தம் ஒவ்வொரு முறையும் வேறு விரலில் விழும். கட்டைவிரல் எங்கே விழுகிறதோ அதுதான் தட்டு என்று கை நம்பிக்கொண்டிருந்தால் இங்கே கணக்கு தவறும். காலால் தட்டைப் போட்டுக்கொண்டு அந்த இடத்தைப் பாடுங்கள், காலும் வாயும் பிரிந்து நின்ற பிறகு கையைச் சேருங்கள். ஏழு, ஐந்து எண்ணிக்கை வந்தாலும் வழி இதேதான். ஏழை மூன்றும் நான்குமாகவோ, நான்கும் மூன்றுமாகவோ எது மெலடியோடு ஒட்டுகிறதோ அப்படிப் பிரித்துக் கைதட்டிப் பழகுங்கள். பேலா ஃப்ளெக்கும் பாஸ் கலைஞர் எட்கர் மேயரும் தபலா ஜாகிர் ஹுசைனோடும் புல்லாங்குழல் ராகேஷ் சௌராசியாவோடும் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட தொகுப்பைக் கேட்டால், பாஞ்சோ எவ்வளவு சிக்கலான கணக்குக்குள்ளும் மூச்சுவிட்டு நடக்க முடியும் என்பது புரியும். தபலாவின் தட்டுகளுக்கு நடுவே அந்தக் குட்டை ஒலி அவ்வளவு பொருத்தமாக உட்காருகிறது. எனக்குப் பாஞ்சோவின் எதிர்காலம் பற்றி மிகுந்த நம்பிக்கை தருகிற வாசிப்பு அது.

இப்போது வேகம். விரல் வரிசை முடிவான பிறகு மெதுவான பயிற்சிக்கு முழுப் பலன் உண்டு, ஆனால் அது மட்டும் போதாது. மெதுவாக வாசிக்கும்போது கை பெரிய பெரிய அசைவாகச் செய்யும், விரல் தந்தியிலிருந்து தூரமாகப் போய்த் திரும்பும். வேகத்தில் அதற்கு நேரமே இருக்காது. அதனால் 60-லிருந்து இரண்டிரண்டாக ஏற்றிக்கொண்டே போகும் வழக்கமான முறையோடு, துண்டு முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் ஐந்து ஸ்வரம் மட்டும்: ஒரு தட்டுக்குள் நான்கு, ஐந்தாவது அடுத்த தட்டின் மேல் சரியாக விழ வேண்டும். விழுந்ததும் நிறுத்துங்கள், கையைத் தளர்த்துங்கள், மறுபடி. அது வந்ததும் ஒன்பது ஸ்வரம், அப்புறம் பதினேழு. ஒவ்வொரு துண்டும் அடுத்த தட்டில் போய் இறங்குவதால், துண்டுகளைச் சேர்க்கும்போது இடைவெளி விழாது. பார் கோட்டில் நிறுத்திப் பழகினவர்களுக்கு எல்லா பார் கோட்டிலும் ஒரு தயக்கம் தங்கிவிடும்.

ட்யூனின் கடைசித் துண்டிலிருந்து தொடங்கி முன்னால் வருவதும் நல்லது. வழக்கமாக முதல் பகுதி நூறு முறை வாசித்திருப்போம், கடைசிப் பகுதி பத்து முறை. தெரியாத இடத்தை நோக்கி வாசிக்கும்போது வருகிற பதற்றம், பின்னாலிருந்து கட்டினால் இருக்காது. நடுவில் எந்த பாரைச் சொன்னாலும் அங்கிருந்து தொடங்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் ட்யூன் விரல்களுக்கு மட்டும்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது. நான்கு பேர் முன்னால் உட்காரும்போது அது கைவிடும்.

வேகத்தில் மீட்டும்போது முன்கை இறுகினால், வலித்தால், அன்றைக்கு அந்த வேகத்தை விட்டுவிடுங்கள். இறுக்கத்தோடு பழகிய ஓட்டத்தைத் தளர்த்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தசைநார்க் கோளாறுகளை வாசித்து ஆற்ற முடியாது.

வாத்தியத்தையும் ஒரு முறை பாருங்கள். இந்த ட்யூன்கள் கழுத்தின் மேல் பகுதியில் நிறைய நேரம் செலவிடும், அங்கே சுருதி விலகினால் நீங்கள் சரியாக வாசித்தும் தப்பாகக் கேட்கும். பாஞ்சோவின் பிரிட்ஜ் ஒட்டப்பட்டதில்லை, நகரக்கூடியது. 12-ஆம் ஃப்ரெட்டின் மேல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் ஒலியும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறிப் போயிருந்தால் பிரிட்ஜை வால்பக்கமாகவும், இறங்கியிருந்தால் கழுத்துப்பக்கமாகவும் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

பதிவின் வேகத்தைத் தொட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது அந்தக் கலைஞர், அந்தக் குழு, அந்த நாள் தேர்ந்தெடுத்த வேகம். பதிவு 130-ல் இருந்தால் நீங்கள் 108-ல் ஒவ்வொரு ஸ்வரமும் உருண்டு வரும்படி வாசிப்பதை நான் பெரிதும் மதிப்பேன். உங்களுக்கு வசதியான வேகத்தை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மற்றவர்களோடு உட்காரும்போது, ட்யூனில் மிகக் கடினமான இரண்டு பாரை மனசுக்குள் அந்த வேகத்தில் பாடிப் பார்த்துவிட்டு, பிறகு எண்ணிக்கை கொடுங்கள். எளிதான முதல் பாரை நினைத்து எண்ணிக்கை கொடுத்தால் வேகம் எப்போதும் கூடிப்போகும்.

முதல் வாரத்துக்கு, ட்யூனில் உங்களுக்கு அதிகம் உடைகிற ஒரே ஒரு மூட்டை எடுத்து, விரல்களை எழுதி, ஐந்து ஸ்வரத் துண்டாகப் பழகிப் பாருங்கள். அது திறந்துகொண்டால் மற்ற இடங்களுக்கும் அதே வேலைதான். அப்படியும் வராவிட்டால் அந்த இரண்டு பாரின் டேப்பையும் நீங்கள் எழுதிய விரல் வரிசையையும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.